நீண்ட பைக் ஓட்டத்துக்குப் பிறகு வரும் தலையிடி: கொழும்பிலிருந்து ஊருக்கு ஓடுகிறவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

நான் வெள்ளவத்தையில் அறை எடுத்து இருந்து வேலை செய்கிறேன். மாதத்துக்கு ஒரு தடவை மோட்டார் சைக்கிளில் வவுனியாவுக்கு அம்மாவைப் பார்க்கப் போவேன், ஒரு பக்கத்துக்கு 250 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். முதல் இரண்டு வருஷமும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித்தான் நடந்தது. அநுராதபுரம் கிட்டவே நெற்றியில் ஒரு இறுக்கம் தொடங்கும், மதவாச்சி வரும்போது அது தலை முழுக்கப் பரவிவிடும், வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றும்போதே அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு "போய்ப் படு ராசா, பிறகு கதைப்பம்" என்பா. இரண்டு நாள் லீவில் ஒரு நாள் இருட்டறையில் போகும். அம்மா கதவடியில் வந்து வந்து பார்த்துவிட்டுப் போவது எனக்குக் கேட்கும், எழும்பத்தான் முடியாது.

இப்போது அந்தத் தலையிடி எனக்கு அநேகமாக வருவதே இல்லை. மருந்தால் நிற்கவில்லை. எங்கே வலிக்கிறது, எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்ற இரண்டையும் கவனித்து, ஒவ்வொரு காரணமாகப் பிடித்துத் திருத்தியதால்தான் நின்றது. ஓடுகிறவர்களில் பலர் இதை "வெயில்தானே" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுப் பனடோலைப் போட்டுக்கொண்டு போகிறார்கள். வெயில் ஒரு காரணம்தான், ஆனால் வழமையாக மூன்று நான்கு காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித்தான் தலை இடிக்கத் தொடங்கும். நான் வைத்தியர் இல்லை. என் தலையில் பார்த்ததையும், வைத்தியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் முறையாக எழுதுகிறேன்.

முதலில் இதை வாசியுங்கள்: வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாத தலையிடிகள்

கீழே சொல்லும் படிகள் எல்லாம் ஓட்டத்தோடு வந்து, இறங்கி ஓய்வெடுத்தால் குறையும் தலையிடிக்கு மட்டும்தான். இடி விழுந்தது போல ஒரு நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போகும் வலி, வாழ்க்கையில் இப்படி வந்ததே இல்லை என்று சொல்லத்தக்க வலி என்றால் உடனே ஆஸ்பத்திரி. ஒரு கை அல்லது கால் பலமில்லாமல் போவது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, பார்வை இரண்டாகத் தெரிவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, இவற்றில் ஒன்று கூடவே வந்தாலும் அப்படித்தான். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அந்த நிலையில் பைக்கை ஓட்டிக்கொண்டு போகவே வேண்டாம்.

விழுந்த பிறகு வரும் தலையிடியையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட் போட்டிருந்தோம், இரத்தம் வரவில்லை, எழும்பி நடந்தோம் என்பதெல்லாம் காரணமில்லை. மண்டைக்குள் மெதுவாகக் கசியும் இரத்தம் சில மணி நேரம் கழித்தும், சில வேளை நாட்கள் கழித்தும் தன்னைக் காட்டும். சத்தி, தூக்கக் கலக்கம், தடுமாற்றம் வந்தால் காத்திருக்கக் கூடாது. அதேபோலக் கழுத்து சடாரென வெட்டிய பிறகு கழுத்தின் ஒரு பக்கத்தில் புதுவிதமான வலியும் தலையிடியும் சேர்ந்து வந்தாலோ, ஒரு கண் இமை தொங்கினாலோ, கழுத்து இரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கலாம். அபூர்வம், ஆனால் பாரிசவாதம் வரை கொண்டுபோகும்.

இன்னொன்று, கொழும்பில் இருக்கும் நமக்கு மிக முக்கியமானது. ஓட்டத்துக்கு அடுத்த நாள் தலையிடி, கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு உளைவு, அதோடு காய்ச்சல் என்றால் "ஓடின களைப்பு" என்று படுத்திருக்க வேண்டாம். அது டெங்குவாக இருக்கலாம். அந்த நேரத்தில் பரசிட்டமோல் மட்டும்தான் எடுக்கலாம். இபுபுரூபன், டைக்குளோபினாக், அஸ்பிரின் எதுவும் கூடாது, அவை இரத்தக் கசிவைக் கூட்டும். வைத்தியரிடம் காட்டி, அவர் சொல்லும் நாளில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

படி 1: வலி தொடங்கியவுடன் நிறுத்துங்கள்

"இன்னும் 40 கிலோமீட்டர்தானே, போய்ச் சேர்ந்துவிட்டால் சரி" என்ற எண்ணம்தான் லேசான வலியைப் படுக்கை வலியாக்குகிறது. இடிக்கும் தலையோடு ஓடும்போது பார்வை சுருங்கும், பிரேக் பிடிக்கும் கை தாமதிக்கும். நிழல் உள்ள இடமாகப் பார்த்து, பெற்றோல் செட்டோ தேநீர்க் கடையோ, ஓரங்கட்டுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றுங்கள், ஜக்கெட்டின் சிப்பைத் திறந்துவிடுங்கள், முகமும் பிடரியும் கழுவுங்கள், ஒரு கிளாஸ் தண்ணீரை ஆறுதலாகக் குடியுங்கள். 15, 20 நிமிஷம் இருங்கள்.

இந்த இருபது நிமிஷத்தில் ஒரு பரிசோதனையும் முடிந்துவிடும். ஹெல்மெட்டைக் கழற்றியதும் வலி இறங்கத் தொடங்கி, ஒரு மணி நேரத்துக்குள் போய்விட்டால் குற்றவாளி பெரும்பாலும் ஹெல்மெட்தான். தண்ணீரும் ஏதாவது சாப்பாடும் போன பிறகு மெல்லக் குறைந்தால் அது நீரிழப்பு அல்லது பசி. எதற்கும் அசையாமல் பிடரியிலேயே நின்றால் கழுத்து.

படி 2: நான்கு ஓட்டத்துக்குக் குறிப்பு எழுதுங்கள்

போனிலேயே எழுதலாம். புறப்பட்ட நேரம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், தேநீர் குடித்தேனா, எவ்வளவு தண்ணீர் போனது, எத்தனை மணி நேரம் நித்திரை, வலி தொடங்கிய நேரமும் இடமும். இவ்வளவு போதும். என் குறிப்பில் நான்காவது ஓட்டத்திலேயே இரண்டு விஷயம் பளிச்சென்று தெரிந்தது: நெற்றி வலி எப்போதும் புறப்பட்டு ஒரு மணி நேரத்துக்குள்ளேயே மெல்லிதாகத் தொடங்கியிருக்கிறது, நான்தான் அநுராதபுரத்தில் கவனித்திருக்கிறேன். பெரிய இடி வந்த நாட்கள் எல்லாம் விடிய 4 மணிக்குத் தேநீர் குடிக்காமல் புறப்பட்ட நாட்கள்.

அப்புறம், ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். புது ஹெல்மெட், புது சீட், ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, சீனித் தூள்) எல்லாம் ஒரே நாளில் போட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது, பணமும் வீண்.

படி 3: ஹெல்மெட்

இதில் நிறைய நேரம் செலவழியுங்கள், ஏனென்றால் ஓட்டத் தலையிடியில் மிகச் சுலபமாகத் திருத்தக்கூடியது இதுதான், கவனிக்கப்படாததும் இதுதான்.

ஒருநாள் புத்தளத்தில் பெற்றோல் செட் கழிவறைக் கண்ணாடியில் முகம் கழுவும்போது பார்த்தேன். நெற்றிக்கு நடுவில், முடி தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, ஐந்து ரூபாய்க் குற்றியளவில் சிவப்பாக ஒரு தடம். விரலால் தொட்டால் அந்த இடம் மட்டும் புண் போல நொந்தது. கன்னத்திலோ உச்சந்தலையிலோ ஒரு தடமும் இல்லை. அதாவது ஹெல்மெட்டின் முழு இறுக்கத்தையும் அந்த ஒரு புள்ளியே மூன்று மணி நேரம் தாங்கியிருக்கிறது. அளவு சரிதான், வடிவம் பிழை.

தலைக்கு அளவு மட்டுமில்லை, வடிவமும் உண்டு. மேலிருந்து பார்த்தால் சிலருடைய தலை வட்டமாக இருக்கும், சிலருடையது முன்னும் பின்னும் நீண்டு பக்கங்களில் ஒடுங்கியிருக்கும். நீண்ட தலைக்கு வட்டமான ஹெல்மெட் போட்டால் நெற்றியிலும் பிடரியிலும் குத்தும், இரண்டு பக்கமும் விரல் போகும் இடைவெளி இருக்கும். வட்டத் தலைக்கு நீண்ட ஹெல்மெட் போட்டால் கன்னப்பொட்டு இரண்டும் நசியும், நெற்றியில் காற்றோடும். கடையில் "எம் சைஸா, எல் சைஸா" என்று மட்டும் கேட்டு வாங்கினால் இந்த வித்தியாசம் தெரிய வராது. நானும் அப்படித்தான் பஞ்சிகாவத்தைப் பக்கம் போய், நிறம் பார்த்து, பத்து நிமிஷத்தில் வாங்கி வந்தேன்.

வாங்கும்போது இப்படிச் செய்யுங்கள். தையல்காரர் நாடாவால் புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுக்கு மேலாக, பின்னந்தலை புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி அளந்துகொண்டு போங்கள். கடையில் போட்டுப் பட்டியைக் கட்டி 20 நிமிஷம் அப்படியே நில்லுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்த்தாலும் பரவாயில்லை. கன்னம் இறுகலாம், கன்னத்துப் பஞ்சு பழகப் பழக இளகும். நெற்றியிலோ கன்னப்பொட்டிலோ ஒரே புள்ளியில் குத்தினால் அது இளகாது, அந்த ஹெல்மெட் உங்களுடையது இல்லை. தலையை இடம் வலம் அசைத்தால் நெற்றித் தோலும் ஹெல்மெட்டோடு சேர்ந்து அசைய வேண்டும். ஹெல்மெட் மட்டும் தனியாகச் சுழன்றால் தளர்வு. தளர்வான ஹெல்மெட்டும் தலையிடி தரும், காற்றில் அது ஆடாமல் இருக்கக் கழுத்துத் தசை முழு வழியும் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தரம்) அல்லது ஈ.சி.ஈ. (ஐரோப்பியத் தரம்) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கனவே வாங்கியது குத்துகிறது என்றால், உள்ளே கழற்றக்கூடிய துணிப் பஞ்சை மெல்லியதாகவோ தடிப்பாகவோ மாற்றிப் பார்க்கலாம். சிலர் உள்ளே இருக்கும் ரெஜிபோமைக் கரண்டியால் அழுத்திக் குழி செய்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விழும்போது நசிந்து அடியை வாங்கிக்கொள்ளத்தான் அந்த ரெஜிபோம் இருக்கிறது, முன்கூட்டியே நசித்துவிட்டால் அந்த இடத்தில் பாதுகாப்புப் போய்விடும்.

ஹெல்மெட் வலிக்கிறது என்பதற்காகப் பட்டியைத் தளர்த்தி ஓடுவதும், ஹெல்மெட்டைப் பைக்கின் பக்கக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு ஓடுவதும் கதைக்கே இடமில்லாதவை.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம்: கண்ணாடியின் காது பக்கக் காம்பு தடிப்பாகவும் வளைந்தும் இருந்தால் ஹெல்மெட் அதைக் கன்னப்பொட்டில் அழுத்தும். மெல்லிய, நேரான காம்புள்ள ஒன்றை ஓட்டத்துக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: தண்ணீரும் உப்பும்

ஓடும்போது காற்று அடிப்பதால் வியர்ப்பது தெரியாது, வியர்வை வந்த உடனேயே காய்ந்துவிடும். உலர் வலயத்துக்குள் போனால் இன்னும் மோசம். இறங்கிப் பார்த்தால் கறுப்பு டீசேர்ட்டில் தோள் பட்டிக்குக் கீழே வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு. அந்த உப்பும் தண்ணீரும் உங்கள் உடம்பிலிருந்து போனவை.

தாகம் வரும் வரை காத்திருக்காமல், ஒவ்வொரு நிறுத்தத்திலும் குடியுங்கள். நல்ல வெயிலில் மணிக்கு அரை லீட்டர் அளவு எனக்குச் சரியாக வருகிறது. உங்களுடையதை சிறுநீரின் நிறம் சொல்லும். வெளிர் மஞ்சள் என்றால் சரி, தேயிலைச் சாயம் போல என்றால் பிந்திவிட்டீர்கள். ஒரேயடியாக இரண்டு லீட்டர் வெறும் தண்ணீரைக் குடிப்பதும் பிழை. இரத்தத்தில் சோடியம் குறைந்தாலும் தலையிடியும் குமட்டலும் வரும், அதை நீரிழப்பு என்று நினைத்து இன்னும் குடிப்போம்.

தம்பிலி நல்லது, நானும் குடிக்கிறேன், ஆனால் அதில் பொட்டாசியம்தான் கூட, சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். ஆகவே நீண்ட ஓட்டத்தில் தம்பிலியோடு உப்புள்ள ஏதாவது ஒன்றும் போகட்டும். வியர்வை கூடிய நாட்களில் பாமசியில் கிடைக்கும் ஜீவனியை, பைக்கட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் மட்டும் கரைத்துக் குடிக்கலாம். அது கிடைக்காவிட்டால் ஒரு லீட்டர் கொதித்தாறிய தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. பிரஷர், சிறுநீரக வருத்தம், நீரிழிவு உள்ளவர்கள் இந்த உப்பு, சீனிக் கணக்கை வைத்தியரிடம் கேட்டுவிட்டே செய்ய வேண்டும்.

ஸ்கூட்டரில் ஓடும் பெண்கள் பலர் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் ஓடுகிறார்கள். வழியில் போகக்கூடிய கழிவறை இல்லை என்பதுதான் காரணம், அது நியாயமான காரணம். என் தங்கச்சியும் சிலாபம் வரை ஒரு சொட்டுக் குடிக்க மாட்டாள். அவளுக்கு நாங்கள் கண்டுபிடித்த வழி: எந்தப் பெற்றோல் செட்டில், எந்தச் சாப்பாட்டுக் கடையில் கழிவறை துப்புரவாக இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துப் போன் வரைபடத்தில் குறித்து வைப்பது, நிறுத்தத்தை அதற்கேற்ப அமைப்பது. கடைசி அரை மணி நேரத்தில் கொஞ்சம் குறைத்துக் குடித்தால் போதும், முழு வழியும் வறண்டுபோக வேண்டியதில்லை.

படி 5: தேநீர், காலைச் சாப்பாடு, நித்திரை

நாம் தேநீரில் வளர்ந்த ஆட்கள். எழும்பியதும் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் ஒன்று, நடுவில் யாராவது வந்தால் இன்னொன்று. தினமும் பழகிய கஃபீன் திடீரென நின்றால் 24 மணி நேரத்துக்குள் தலையிடி வரலாம், இது மருத்துவப் பட்டியலில் பெயர் போட்டே உள்ள தலையிடி. விடிய 4 மணிக்கு அறைத் தோழனை எழுப்பக் கூடாது என்று கேத்தல் போடாமல் இறங்கி, பத்து மணி வரை ஓடினால் என்ன நடக்கும்? எனக்கு அதுதான் நடந்தது. இப்போது முதல் நாள் இரவே பிளாஸ்கில் பிளேன்டி ஊற்றி வைக்கிறேன். அந்த ஒரு மாற்றத்திலேயே பாதி வலி போனது.

அதற்காக வழி முழுக்க எனர்ஜி டிரிங்க் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. வழமையாகக் குடிப்பதை வழமையான நேரத்தில் குடித்தால் போதும்.

சாப்பாடு: புறப்படும்போது வாழைப்பழமும் இரண்டு பிஸ்கட்டும், இரண்டு மணி நேரத்தில் ஒழுங்கான காலைச் சாப்பாடு. நான் கச்சானும் எடுத்துப் போவேன். மதியம் வயிறு முட்டச் சோறு போட்டுவிட்டு ஏறினால் தூக்கம் வரும், அது தலையிடியைவிட ஆபத்து. நித்திரையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளி இரவு 12 மணிக்குப் படுத்து நான்கு மணிக்கு எழும்பி ஓடினால் மற்ற எல்லாப் படியும் வீண்.

படி 6: கழுத்தும் தோளும்

வலி பிடரியில் தொடங்கி, மண்டையின் பின்பக்கமாக ஏறி, கண்ணுக்கு மேலே வந்து நிற்கிறதா? அது கழுத்திலிருந்து வருவது. பிடரிக்கும் மண்டையோட்டுக்கும் இடையில் சின்னச் சின்னத் தசைகள் இருக்கின்றன. குனிந்த உடம்போடு முகத்தை மட்டும் நிமிர்த்தி ஓடும்போது அவை மணிக்கணக்காகச் சுருங்கியே இருக்கும். அங்கிருந்து போகும் நரம்பும் முகத்து நரம்பும் மூளைத் தண்டில் ஒரே இடத்தில் சந்திப்பதால், நொந்தது கழுத்து என்றாலும் நெற்றியில் வலிக்கும்.

பைக் நின்றிருக்கும்போது ஏறி உட்கார்ந்து கண்ணை மூடி, கையை இயல்பாக ஹேண்டிலுக்கு நீட்டிப் பாருங்கள். எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால், முழங்கை விறைத்து நின்றால், ஹேண்டிலைக் கொஞ்சம் உங்கள் பக்கமாகத் திருப்பிப் பூட்டச் சொல்லலாம். எந்த மெக்கானிக்கும் பத்து நிமிஷத்தில் செய்து தருவார், கேபிள் இழுபடாமல் இருக்கிறதா என்று மட்டும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்க வெட்டிப் பாருங்கள். ஓடும்போது முழங்காலால் டேங்கை லேசாகப் பிடியுங்கள், உடம்பின் பாரம் கையிலிருந்து இறங்கிவிடும். முதுகில் மாட்டும் பை இருந்தால் கழற்றிப் பின்சீட்டில் கட்டுங்கள். லப்டொப்போடு ஏழெட்டுக் கிலோவை மூன்று மணி நேரம் தோள் பட்டியில் தொங்கவிட்டால் எந்தக் கழுத்துக்கும் வலிக்கத்தான் செய்யும்.

சிக்னலில் நிற்கும்போது ஒரு பழக்கம்: தோளைக் காது வரை தூக்கி, மூச்சை விட்டுக்கொண்டே கீழே போடுங்கள். எவ்வளவு உயரத்தில் இறுக்கி வைத்திருந்தீர்கள் என்று அப்போதுதான் தெரியும். வீட்டில் தினமும் ஒரு பயிற்சி: சுவரில் முதுகு சாய்ந்து நின்று, நாடியைக் கீழே குனியாமல் நேராகப் பின்னால் இழுத்து ஐந்து எண்ணும் வரை வைத்து விடுங்கள், பத்துத் தடவை. கை விரல் விறைப்பது, மின்சாரம் ஓடுவது போலக் கையில் வலி இறங்குவது என்றால் பயிற்சியை விட்டுவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள்.

படி 7: காற்றுச் சத்தம்

சத்தத்தை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை. மணிக்கு 80, 90 கிலோமீட்டரில் ஹெல்மெட்டைச் சுற்றி ஓடும் காற்றின் சத்தம் காதடியில் 90 டெசிபலைத் தாண்டிவிடும். வேலைத்தளங்களுக்கு எட்டு மணி நேரத்துக்குப் பரிந்துரைக்கப்படும் எல்லையே 85 டெசிபல்தான், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். இறங்கிய பிறகு காது "ங்ங்" என்று இரைந்தால், பக்கத்தில் கதைப்பது பஞ்சுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டால், சத்தம் அளவுக்கு மிஞ்சியிருக்கிறது. தலையிடி போகும், கேட்டல் போனால் திரும்பாது.

பாமசியிலும் வன்பொருள் கடையிலும் கிடைக்கும் ஸ்பொஞ்ச் காதடைப்பான் மலிவானது. விரலால் உருட்டி மெலிதாக்கி, மற்றக் கையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே வைத்து, அது விரியும் வரை விரலால் பிடித்திருங்கள். ஹோர்ன் சத்தம் அப்போதும் கேட்கும், காற்றிரைச்சல்தான் அடங்கும். நான் நகரத்துக்குள் போடுவதில்லை, நீர்கொழும்பு தாண்டிய பிறகுதான்.

படி 8: கண்

கொழும்பு–வவுனியா ஓட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது. புத்தளம் வரை வடக்கே போகிறோம், காலை வெயில் வலப்பக்கம். புத்தளத்தில் திரும்பி அநுராதபுரம் வீதியில் ஏறியதும் கிழக்கே பார்த்து ஓடுகிறோம், ஏழரை எட்டு மணிச் சூரியன் நேரே முகத்தில். நொச்சியாகம வரை கண்ணைச் சுருக்கிக்கொண்டே போவோம். திரும்பி வரும்போது பின்னேரம் அதே வீதியில் மேற்கே பார்த்து வருகிறோம், மறுபடியும் முகத்தில். கண்ணைச் சுருக்கும் தசையும் நெற்றித் தசையும் ஒரு மணி நேரம் விடாமல் இறுகினால் நெற்றி இடிக்கும்.

கீறல் விழுந்த வைசரை மாற்றுங்கள், ஒவ்வொரு கீறலிலும் வெளிச்சம் சிதறும். கறுப்பு வைசர் இரவில் ஆபத்து. நிறமில்லாத வைசரும் உள்ளே போடக் கறுப்புக் கண்ணாடியும்தான் வசதி. வைசரைத் திறந்துவிட்டு ஓடினால் காற்றில் கண் வறண்டு எரியும், அதுவும் வலியைக் கூட்டும். இதெல்லாம் செய்தும் ஒவ்வொரு முறையும் கண்ணைச் சுற்றியே வலித்தால் ஒருமுறை கண்பார்வையைப் பரிசோதியுங்கள்.

ஒற்றைத் தலையிடி ஏற்கனவே உள்ளவர்களுக்கு மினுக்கும் வெளிச்சம், பசி, நித்திரைக் குறைவு எல்லாம் சேர்ந்து அதைக் கிளப்பிவிடும். மரங்களுக்கு இடையால் வெயில் விட்டு விட்டு அடிக்கும் வீதியில் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். பார்வையில் நெளிவு நெளிவாக ஒளி தெரியத் தொடங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

படி 9: புகையும் மலை உயரமும்

நூறு கிலோமீட்டர் ஓடத் தேவையில்லை, பின்னேரம் ஐந்தரைக்குக் காலி வீதியில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தாலே சிலருக்கு இடிக்கும். வாகனப் புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமோ மணமோ இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டும். துணி மாஸ்க்கோ சத்திரசிகிச்சை மாஸ்க்கோ இந்த வாயுவைத் தடுக்காது. செய்யக்கூடியது இடைவெளிதான். நெரிசலில் சைலன்ஸர் வாய்க்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் விலகி நில்லுங்கள், நீண்ட நேரம் நின்றால் இஞ்ஜினை நிறுத்துங்கள்.

உங்கள் பைக்கின் சைலன்ஸர் இணைப்பில் கசிவு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இணைப்பைச் சுற்றிக் கறுப்புக் கரி படிந்திருந்தால், இஞ்ஜின் பக்கத்திலிருந்து "டிக் டிக்" என்று சத்தம் வந்தால் கசிவுதான். மூடிய கராஜுக்குள் இஞ்ஜினை ஓடவிட்டு வைக்க வேண்டாம்.

நுவரெலியாவுக்கு ஓடி வந்து "உயரம் ஒத்துக்கொள்ளவில்லை" என்கிறவர்களுக்கு: நுவரெலியா 1,868 மீற்றர். மலை உயரத்தால் வரும் வருத்தம் வழமையாக 2,500 மீற்றருக்கு மேல்தான். அங்கே வரும் தலையிடிக்குக் குளிர்காற்றில் விறைத்த கழுத்தையும், குளிரில் தாகம் தெரியாமல் தண்ணீர் குடிக்காததையும் முதலில் பாருங்கள்.

பனடோல் பற்றி

வலியோடு துடித்துக்கொண்டிருக்கச் சொல்லவில்லை. போய்ச் சேர்ந்த பிறகு பரசிட்டமோல் 500 மில்லிகிராம் ஒன்றோ இரண்டோ, அடுத்ததற்கு நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் கூடாது. ஈரல் வருத்தமோ குடிப்பழக்கமோ உள்ளவர்களுக்கு எல்லை இன்னும் குறைவு. புறப்படும் முன்பே "வரும்தானே" என்று போட்டுக்கொள்வதை நிறுத்துங்கள், ஹெல்மெட் குத்துவதை அது மறைத்துவிடும். நீரிழந்த உடம்போடு இபுபுரூபனோ டைக்குளோபினாக்கோ எடுப்பது சிறுநீரகத்துக்கு நல்லதில்லை. அநுராதபுரம், வவுனியாப் பக்கங்களில் சிறுநீரக நோய் எத்தனை குடும்பத்தைத் தொட்டிருக்கிறது என்று நமக்குத் தெரியும், இதை லேசாக எடுக்க வேண்டாம்.

மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ வலிமாத்திரை எடுத்து, அது மூன்று மாதத்துக்கு மேல் போனால் மாத்திரையே தலையிடியைத் தரத் தொடங்கும். தினமும் கொழும்புக்கு ஓடி வேலைக்கு வருகிற பலர் இந்த வளையத்துக்குள்தான் இருக்கிறார்கள். அதிலிருந்து வெளியே வர வைத்தியரின் துணை வேண்டும்.

இப்போது நான் ஓடும் முறை

முதல் நாள் இரவு: பிளாஸ்க், இரண்டு போத்தல் தண்ணீர், ஒரு பைக்கட் ஜீவனி, காதடைப்பான், துடைத்த வைசர். பத்து மணிக்கு நித்திரை.

விடிய நாலரைக்கு பிளேன்டியும் வாழைப்பழமும் முடித்துப் புறப்பாடு. பேலியகொடை, வத்தளை நெரிசலுக்கு முன் தாண்டிவிடலாம். சுமார் 80 கிலோமீட்டரில் சிலாபம், அங்கே முதல் நிறுத்தம். பசி இல்லாவிட்டாலும் இறங்குவேன், ஹெல்மெட்டைக் கழற்றுவேன். புத்தளத்தில் காலைச் சாப்பாடு, அரை மணி நேரம் ஆறுதலாக, சூரியன் கொஞ்சம் மேலே ஏறட்டும் என்றுதான். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அநுராதபுரம் வீதி, அங்கே ஒரு மர நிழலில் ஜீவனியும் கழுத்துப் பயிற்சியும். பிறகு மதவாச்சி, வவுனியா. பழைய நேரத்தைவிட ஒரு மணி நேரம் கூடப் போகிறது.

வந்து இறங்கியதும் உடனே படுப்பதில்லை. கை கால் முகம் கழுவி, தண்ணீர் குடித்து, பிடரியில் ஈரத் துவாயைப் போட்டுக்கொண்டு அம்மாவோடு குசினி வாசல்படியில் இருப்பேன். அவா தேங்காய் துருவிக்கொண்டே ஊர்க் கதை சொல்லுவா, நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.